மண் அட்டையில் சத்து இருக்கிறது, பயிரில் இல்லை: செட்டிநாட்டுச் செம்மண்ணில் நொதிகளுக்கு என்ன ஆகிறது?

மண்வள அட்டையில் 12 அளவீடுகள் இருக்கும். அமில கார நிலை, உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன், அங்ககக் கரிமம், தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். 2015 பிப்ரவரியில் மத்திய அரசு இத்திட்டத்தைத் தொடங்கிய பிறகு காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கம் பலர் வீட்டுப் பரணிலும் இந்த அட்டை கிடக்கிறது. அதைப் படித்தவர்களுக்கு வரும் குழப்பம் ஒன்றுதான். மணிச்சத்து 'நடுத்தரம்' என்று போட்டிருக்கிறது, மணிச்சத்து தரும் டிஏபி உரமும் போட்டாயிற்று, பிறகு பயிர் ஏன் தூர் கட்டவில்லை? யூரியா தூவியும் ஏன் பச்சை பிடிக்கவில்லை?

அட்டை பொய் சொல்லவில்லை. மண்ணை உலர்த்திச் சலித்து, ஆய்வகக் கரைசலில் இட்டுக் குலுக்கியபோது எவ்வளவு சத்து கரைந்து வந்ததோ அதைத்தான் அது எழுதுகிறது. அது ஒரு நாளின் இருப்புக் கணக்கு. பயிர் நான்கு மாதம் நிற்கிறது. அந்த நான்கு மாதமும் அந்த இருப்பை விடாமல் நிரப்பிக் கொடுப்பவை மண்ணில் உள்ள நொதிகள். களத்தில் நெல் மலையாய்க் குவிந்திருந்தாலும் ஆலை ஓடாவிட்டால் உலைக்கு அரிசி இல்லை. 12 அளவீடுகளும் நெல்லை எடை போடுகின்றன. ஆலை ஓடுகிறதா என்று பார்க்கும் அளவீடு அவற்றில் ஒன்றுகூட இல்லை.

மாசும் ரசாயனமும் பெரும்பாலும் முதலில் தொடுவது இந்த ஆலையைத்தான். அங்ககக் கரிமத்தின் எண் இறங்க ஆண்டுகள் ஆகலாம். நொதியின் வேகம் சில வாரங்களிலேயே மாறிவிடும்.

நொதி என்றால் என்ன, மண்ணில் அது எங்கே இருக்கிறது

உயிருள்ள செல்கள் தயாரிக்கும் புரதம்தான் நொதி. என்சைம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதையேதான். ஒரு வேதிவினையைப் பல்லாயிரம், பல லட்சம் மடங்கு விரைவாக்கும். ஆனால் அந்த வினையில் தான் செலவாகிப் போகாது. மண்ணில் இவற்றைத் தருபவை பாக்டீரியா, பூஞ்சை, பயிரின் வேர், மண்புழு.

நொதிக்கு மண்ணில் இரண்டு இருப்பிடங்கள் உண்டு. சில நொதிகள் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வேலை செய்யும், செல் செத்தால் அவையும் போய்விடும். மற்றவை வெளியே கசிந்து களிமண் துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு, தம்மை உண்டாக்கிய நுண்ணுயிர் மடிந்த பிறகும் மாதக்கணக்கில் வேலை பார்க்கும். களியும் மக்கும் இவற்றுக்குக் கவசம். களி குறைந்த, கரிமம் குறைந்த மணற்பாங்கான செம்மண்ணில் அந்தக் கவசம் மெல்லியது. இந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

பயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள நொதிகள் இவை.

1. யூரியேஸ். யூரியாவை உடைத்து அம்மோனியம் ஆக்குவது. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. யூரியா வடிவிலேயே வேர் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். பெரும்பகுதியும் இந்த நொதியைக் கடந்துதான் பயிருக்குப் போகிறது. 1926ல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை இனத்து விதையிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்து, நொதி என்பது புரதம்தான் என்று காட்டினார். 1946ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. படிகமாக்கப்பட்ட முதல் நொதியே நம் வயலில் தினமும் வேலை பார்ப்பதுதான்.

2. பாஸ்பட்டேஸ். அங்ககப் பொருளில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தை விடுவிப்பது. அமில மண்ணில் ஒரு வகை, கார மண்ணில் இன்னொரு வகை. அமில வகையை வேரே சுரக்கும்.

3. சல்பட்டேஸ். மக்கிலிருந்து கந்தகத்தை எடுத்துத் தருவது. கடலைக்கு இது முக்கியம்.

4. செல்லுலேஸ், குளுக்கோசிடேஸ். வைக்கோல், தாள், சருகைச் சர்க்கரையாக உடைப்பவை. நுண்ணுயிர்களின் சாப்பாடு இவற்றின் வழியாகத்தான் வருகிறது.

5. டீஹைட்ரஜனேஸ். உயிருள்ள செல்லுக்குள் மட்டும் இருப்பது, நுண்ணுயிர் மூச்சு விடுவதோடு சேர்ந்தது. மண் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால் ஆய்வகங்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

6. நைட்ரஜனேஸ். கடலை, உளுந்து வேர் முடிச்சில் காற்றுத் தழைச்சத்தைப் பிடிப்பது. இரும்பும் மாலிப்டினமும் இல்லாமல் இது இயங்காது.

நொதியின் வேகம் கூடினால் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. யூரியேஸ் வேகமாக இருக்கும் வயலில், ஈரம் லேசாக இருக்கும்போது யூரியாவை மேலாகத் தூவி விட்டுவிட்டால், இரண்டு மூன்று நாளில் அது அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். அடுப்புச் சாம்பலையோ சுண்ணாம்பையோ சேர்த்துத் தூவினால் இழப்பு இன்னும் கூடும். வேப்பெண்ணெய் பூசிய யூரியா 2015லிருந்து கட்டாயம் ஆனதும் இதே கணக்கில்தான். அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவின் நொதியை வேம்பு மந்தப்படுத்துகிறது. மழைத் தண்ணீரோடு நைட்ரேட் கீழே இறங்கிப் போவது குறைகிறது. ஒரு நொதியை வேண்டுமென்றே தடுப்பதும் விவசாயத்தில் ஒரு உத்திதான்.

செட்டிநாட்டு மண்ணில் ஏன் கணக்கு மாறுகிறது

மாசு என்றதும் பாலாற்றின் தோல் கழிவும் நொய்யலின் சாயக் கழிவும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்துப் பாடத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்தப் பகுதியில் ஒரே பெரிய தொழிலின் ஒரே கழிவு என்று கை நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. சிறு சிறு மூலங்கள் பல. அவை போய்ச் சேரும் இடத்தின் தன்மைதான் இங்கே பிரச்சினையைத் தீர்மானிக்கிறது. அதில் இரண்டைச் சொல்ல வேண்டும்.

முதலாவது மண். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் வீடு கட்ட வானம் தோண்டினால் செம்புறாங்கல் வரும். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் நிறைந்த மண் இது. அந்த ஆக்சைடுகள் மணிச்சத்தைக் கண்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். டிஏபியில் வரும் மணிச்சத்தில் பெரும்பகுதி வேருக்குப் போகாமல் இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இந்த மண் அமிலப் பக்கம் சாய்ந்தது, சத்தைப் பிடித்து வைக்கும் திறனும் குறைவு. வெளியிலிருந்து அமிலமோ உலோகமோ வந்தால் தாங்கிக்கொள்ளும் சக்தியும் அதனால் குறைவு. அதே அளவு ஈயம் தஞ்சாவூர்க் களிமண்ணில் செய்வதைவிட இங்கே நொதியை அதிகமாகக் கெடுக்கும்.

இரண்டாவது தண்ணீர். வற்றாத ஆறு எதுவும் இந்தப் பகுதிக்குள் ஓடவில்லை. மழைத் தண்ணீர் ஊரணியிலும் கண்மாயிலும் தேங்கி, ஒரு கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். முன்னோர் வகுத்த அருமையான ஏற்பாடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் மழை குறைந்த ஆண்டில் கலிங்கு வழியாது. உள்ளே வந்த சாக்கடையும் உப்பும் உலோகமும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். தண்ணீர் மட்டும் வெயிலில் ஆவியாகும், கரைந்திருந்தவை அடர்த்தியாகும். பிறகு அதே தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வரும், அதே வண்டல் வண்டியில் ஏறிப் புஞ்சைக்கு வரும்.

என்னென்ன வருகிறது, நொதியை எப்படித் தொடுகிறது

1. யூரியா மட்டும் போடும் பழக்கம்

ரசாயன உரம் மண்ணைக் கொன்றுவிடும் என்ற பேச்சை நிதானித்துப் பார்க்க நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கோயம்புத்தூரில் 1909ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இன்றும் நடக்கிறது. நாடு முழுக்க 1970லிருந்து நீண்டகால உரப் பரிசோதனைகள் ஒருங்கிணைத்து நடத்தப்படுகின்றன. இப்படிப்பட்ட வயல்களில் திரும்பத் திரும்பத் தென்படும் வரிசை இது: தழை, மணி, சாம்பல் சத்தோடு தொழுவுரமும் சேர்த்துப் போட்ட பாத்தியில் நொதிச் செயல்பாடு உயர்ந்து நிற்கும். மூன்று ரசாயனச் சத்தையும் சரிவிகிதமாகப் போட்ட பாத்தி அடுத்தது. ஒன்றுமே போடாத பாத்தி அதற்கும் கீழே. காரணம் எளியது. உரம் போட்டால் பயிர் நன்றாக வளர்கிறது, வேரும் தாளும் மண்ணில் அதிகம் விழுகின்றன, நுண்ணுயிருக்கு இரை கிடைக்கிறது.

சிக்கல் யூரியாவை மட்டும் கொட்டுவதில் இருக்கிறது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் வெளியாகிறது. சுண்ணாம்பு கலந்த கரிசலுக்கு அது ஒரு பொருட்டில்லை. தாங்கும் திறன் குறைந்த செம்மண்ணில் ஆண்டுக்காண்டு அமில கார நிலையின் எண் (pH) கீழே போகும், அதாவது அமிலம் கூடும். 5.5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைச் சுடும். வேர் சுருங்கினால் வேர் சுரக்கும் நொதியும் சுருங்கும். நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்கும், கடலை, உளுந்து வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கும் அமிலம் ஆகாது.

டிஏபி விஷயத்தில் வேறொரு திருகல் உண்டு. மணிச்சத்துக்கு ஏங்கும் வேர்தான் பாஸ்பட்டேஸை அதிகம் சுரக்கும். கரைந்த மணிச்சத்து சுற்றிலும் தாராளமாக இருந்தால் சுரப்பு குறையும். வருடம் தவறாமல் டிஏபி போட்டு, அதில் பெரும்பகுதியை இரும்பு பிடித்துக்கொண்டு, மக்கில் இருப்பதை எடுக்கும் நொதியும் மந்தமாகிப்போன வயலில் அடுத்த முறை டிஏபியைக் குறைத்தால் பயிர் உடனே வாடிக் காட்டும். 'இந்த மண்ணுக்கு டிஏபி இல்லாமல் ஆகாது' என்ற முடிவுக்கு விவசாயி வருவது இங்கிருந்துதான். அவர் பார்ப்பது நிஜம், காரணம் மட்டும் வேறு.

2. களைக்கொல்லி, பூச்சிமருந்து, விதை நேர்த்தி

சிபாரிசு செய்த அளவில் அடித்தால் பெரும்பாலான மருந்துகள் மண் நொதியில் உண்டாக்கும் மாற்றம் சிறியது, சில வாரங்களில் சரியாகிவிடும். சில மருந்துகளை நுண்ணுயிர்கள் இரையாகவே எடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் நொதி ஏறக்கூடச் செய்யும். டேங்க் கழுவிய தண்ணீரை ஒரே வரப்போரத்தில் கொட்டுவது, மிச்சம் இருக்கிறதே என்று இரண்டு மடங்கு அடிப்பது, ஒரே பருவத்தில் நாலைந்து மருந்தைக் கலப்பது, இந்த மூன்றிலும்தான் உண்மையான சேதம் நடக்கிறது.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி செம்மண்ணில் தனியாக நடந்துகொள்ளும். அது செடியைக் கொல்வதே செடியின் ஒரு நொதியை முடக்கித்தான். அதன் மூலக்கூறில் மணிச்சத்தை ஒத்த ஒரு பகுதி இருப்பதால், மணிச்சத்தைப் பிடிக்கும் அதே இரும்பு, அலுமினிய இடங்களில் இதுவும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவரை வேலை செய்யாது, நல்லதுதான். பின்னால் டிஏபி அதிகம் போட்டால் மணிச்சத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு இதை வெளியே தள்ளவும் கூடும்.

தாமிரம் கலந்த பூஞ்சாணக் கொல்லிகள் வேறு வகை. மருந்து சிதைந்தாலும் தாமிரம் சிதையாது. மிளகாய்த் தோட்டத்தில் ஆண்டுதோறும் அடித்தால் மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

விதை நேர்த்தியில் ஒரு சின்னத் தவறு பெரிய இழப்பைத் தருகிறது. கடலை விதைக்கு கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக் கொல்லியைக் கிலோவுக்கு 2 கிராம் கலந்த கையோடு ரைசோபியத்தையும் கலந்துவிடுகிறார்கள். மருந்துத் தூசும் நுண்ணுயிரும் ஒரே தோலில் நெருக்கிக்கொண்டு கிடந்தால் பாக்டீரியா பிழைப்பது குறையும். மருந்தை முதலில் கலந்து, 24 மணி நேரம் கழித்து ரைசோபியம் கலக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மாவைக் கலப்பவர்கள் ரசாயனப் பூஞ்சாணக் கொல்லியையே விட்டுவிடலாம். அதுவும் ஒரு பூஞ்சைதானே.

3. அரிசி ஆலைத் தண்ணீர்

புதுவயல் பக்கம் அரிசி ஆலைகள் அதிகம் என்பதால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது: நெல் ஊறிய தண்ணீர் வயலுக்கு உரமா, விஷமா? இரண்டு கட்சிக்கும் பாதி நியாயம் இருக்கிறது.

புழுங்கல் அரிசிக்கு நெல்லைச் சுடுதண்ணீரில் பல மணி நேரம் ஊறப் போடுவார்கள். கிலோ நெல்லுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் மஞ்சளாக, புளித்த வாடையோடு வெளியேறும். அதில் மாவு, சர்க்கரை, தவிட்டுச் சத்து, கொஞ்சம் தழை, மணி, சாம்பல் சத்தும் உண்டு. கன உலோகம் இதன் பிரச்சினையே அல்ல. பிரச்சினை, அதை மக்க வைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன். பாசனத்துக்கு நிலத்தில் விடும் கழிவுநீருக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. சுத்திகரிக்காத ஊறல் தண்ணீர் அதைப் பல மடங்கு தாண்டும்.

இதை வயலில் விட்டால் நடப்பது படிப்படியாக:

அ. முதல் சில நாள் நுண்ணுயிர்க்கு விருந்து. மாவை உடைக்கும் நொதியும் டீஹைட்ரஜனேஸும் ஏறும். இந்த நேரத்தில் மண் எடுத்துச் சோதித்தால் மண்ணின் உயிர்ப்பு கூடிவிட்டது என்று அறிக்கை வரும். அதைக் காட்டி இது உரம்தான் என்று வாதாடவும் முடியும்.

ஆ. பிறகு ஆக்சிஜன் தீரும். நுண்ணுயிர்கள் மூச்சுக்கு நைட்ரேட்டை எடுக்கும், தழைச்சத்து வாயுவாகப் பறக்கும். அடுத்து மாங்கனீசு, அதற்கடுத்து இரும்பு, கடைசியாக சல்பேட்.

இ. செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. கரையாமல் கிடந்த சிவப்பு இரும்பு, கரையும் இரும்பாக மாறி வேருக்குள் அளவுக்கு மேல் போகும். நெல்லின் கீழ் இலைகளில் நுனியிலிருந்து பழுப்புப் புள்ளிகள் தோன்றி, இலை முழுக்க வெண்கல நிறம் ஏறும். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் துருப் பூச்சு தெரியும், மோசமானால் கறுத்து முட்டை நாற்றம் அடிக்கும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். சிலர் தழைச்சத்துப் பற்றாக்குறை என்று யூரியா போடுகிறார்கள். தண்ணீரை வடித்து மண்ணை லேசாகக் காயவிடுவதுதான் அந்த நேரத்தில் பலன் தரும்.

ஈ. புஞ்சையில் விட்டால் வேறு கதை. மாவுச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு என்பதால் நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்கு மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். பயிர் கொஞ்ச காலம் வெளுத்து நிற்கும்.

தொட்டியில் மக்க வைத்து, சுமையைக் குறைத்து, நல்ல தண்ணீரோடு கலந்து, இடைவெளி விட்டுப் பாய்ச்சினால் இதே தண்ணீர் பயன்படும். நேராக வாய்க்காலில் விடுவது வேறு. ஆலை உலைச் சாம்பலும் வயலுக்கு வருகிறது. அது காரத்தன்மை உடையது, அமில மண்ணுக்கு அளவோடு உதவும். யூரியா போட்ட அன்று மட்டும் அதைத் தூவ வேண்டாம்.

4. ஊர்ச் சாக்கடையும் உலோகமும்

2024ல் காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. ஊர் பெருக்கிறது, வடிகால் தண்ணீர் சரிவைத் தேடிப் போகிறது, சரிவின் முடிவில் கண்மாய் இருக்கிறது. பட்டறைக் கழிவு, பழைய பேட்டரி, பெயின்ட், குப்பை எரித்த சாம்பல் வழியாக ஈயம், காட்மியம், துத்தநாகம், தாமிரம் போன்றவை அதில் சேரலாம்.

உலோகம் நொதியை மூன்று விதத்தில் கெடுக்கிறது. புரதத்தில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் இருக்கும். பாதரசம், காட்மியம், ஈயம் அவற்றைப் பற்றிக்கொண்டால் நொதியின் வடிவமே குலைந்துவிடும். சில நொதிகளின் மையத்தில் ஏற்கெனவே இருக்கும் நல்ல உலோகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வந்து உட்காரும். இவை போக, நொதியைத் தயாரிக்கும் நுண்ணுயிரையே கொல்லும். உலோகம் எல்லாமே விஷம் என்பதும் இல்லை. யூரியேஸின் மையத்தில் இருப்பதே நிக்கல்தான். துளி இல்லாமல் அது இயங்காது, அளவு மீறினால் அதே நிக்கல் நுண்ணுயிருக்கு நஞ்சு.

அமிலம் கூடக்கூட உலோகம் அதிகமாகக் கரையும் என்பதை யூரியாக் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வருடக்கணக்காக யூரியாவால் அமிலமான புஞ்சையில் சாக்கடை வண்டலைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும்.

5. உப்புத் தண்ணீர்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் நுண்ணுயிர் செல்லிலிருந்து தண்ணீரை உப்பு உறிஞ்சி எடுத்துவிடும், டீஹைட்ரஜனேஸ் சீக்கிரம் விழும். பயிர்களில் முதலில் அலறுவது மிளகாய். மண்சாற்றின் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸ் தாண்டினாலே அதன் மகசூல் இறங்கத் தொடங்கும். நெல்லும் கடலையும் ஏறக்குறைய 3 வரை தாங்கும். 4ஐத் தாண்டினால்தான் உவர் நிலம் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதனால் மண்சாற்றில் 2 அல்லது 2.5 என்று பார்த்துவிட்டு மிளகாய்க்காரர் நிம்மதியாக இருக்க முடியாது.

கடலை வேரைப் பிடுங்கிப் பார்த்தால்

ஆய்வகம் இல்லாமல் வயலிலேயே ஒரு நொதியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கடலைதான் வசதி. விதைத்து 40 நாள் வாக்கில், ஈரம் இருக்கும்போது மண்ணோடு சேர்த்து ஒரு செடியைத் தோண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் அலசினால் பக்க வேர்களில் கடுகு அளவில் முடிச்சுகள் தெரியும். நாலைந்தை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தச் சாயலோடு இருந்தால் நைட்ரஜனேஸ் வேலையில் இருக்கிறது. அந்தச் சிவப்பு, நொதியை ஆக்சிஜனிடமிருந்து காக்கும் புரதத்தின் நிறம். வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை அல்லது பலனற்ற பாக்டீரியா குடியேறியிருக்கிறது. பச்சை அல்லது பழுப்பு என்றால் வேலை முடிந்துவிட்டது. 40 நாளிலேயே பச்சை என்றால் ஏதோ கோளாறு. அடியுரமாக யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் முடிச்சே குறைவாக இருக்கும். தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்துச் சம்பாதிக்க வேண்டியதில்லையே.

ஏன் இது அட்டையில் இல்லை, எப்படி அளப்பது

நொதியை அளப்பதில் நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. டீஹைட்ரஜனேஸுக்கு நிறமற்ற டெட்ரசோலியம் உப்பைப் புது மண்ணில் கலந்து, 37 டிகிரியில் ஒரு நாள் வைப்பார்கள். நொதி வேலை செய்தால் அது சிவப்புச் சாயமாக மாறும். மெத்தனாலில் அதைப் பிரித்து நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் படிப்பார்கள். நல்ல மண்ணின் சோதனைக் குழாயில் மாதுளைச் சாறு போல் இறங்கும் நிறம், நலிந்த மண்ணின் குழாயில் வெளிர் ரோஜாவோடு நின்றுவிடும். மண்ணில் தாமிரமோ நைட்ரேட்டோ அதிகம் இருந்தால் நிறம் பொய்யாகக் குறைந்து தெரியும். உலோக மாசுள்ள வயலில் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

வழக்கமான மண் மாதிரியை நிழலில் உலர்த்தி, பையில் போட்டு, ஒரு மாதம் கழித்துக்கூடச் சோதிக்கலாம். நொதிக்கு அது ஆகாது. ஈரம் மாறாமல், ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, சீக்கிரம் சோதிக்க வேண்டும். உரம் போட்ட வாரத்திலும் முதல் மழை பெய்த மறுநாளும் எடுக்கக் கூடாது. காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் நுண்ணுயிர் திடீரென்று கொதித்தெழுந்து எண்ணை உயர்த்திவிடும். 'இவ்வளவு இருந்தால் நல்லது' என்று எல்லா மண்ணுக்கும் பொருந்தும் எண்ணும் கிடையாது. கழிவு எட்டாத, அதே மண் வகையில், அதே பயிர் நிற்கும் பக்கத்து வயலோடு ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

விவசாயி தானே செய்யக்கூடிய ஒப்பீடு ஒன்று உண்டு. கஞ்சி போடாத, கலப்பில்லாத பருத்தித் துணியை ஒரே அளவில் சில துண்டுகளாக வெட்டி எடை போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு, சந்தேகப்படும் வயலில் சிலவும் கழிவு எட்டாத மேட்டு வயலில் சிலவும் அரை அடி ஆழத்தில் புதைத்து, கம்பு நட்டு அடையாளம் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து எடுத்து, மண்ணைத் தட்டி, காயவைத்து எடை போடுங்கள். செல்லுலேஸ் சுறுசுறுப்பாக உள்ள வயலில் துணி சல்லடையாகி இருக்கும், நூல்கூட மிஞ்சாமலும் போகலாம். இன்னொரு வயலில் துணி துணியாகவே வந்தால் அங்கே மக்கும் வேலை நடக்கவில்லை. ஏன் என்று இது சொல்லாது. எந்த வயலுக்கு ஆய்வகச் செலவு செய்யலாம் என்று சொல்லும்.

எது திரும்பும், எது திரும்பாது

1. அளவோடு அடித்த மருந்தின் பாதிப்பு சில வாரம் முதல் ஒரு பருவத்துக்குள் பெரும்பாலும் தானே தீரும்.

2. ஆலைத் தண்ணீரால் மூச்சுமுட்டிய வயல், தண்ணீரை நிறுத்தி உழுது காயவிட்டால் ஒன்றிரண்டு பருவத்தில் தேறும்.

3. அமிலமான மண் தானாகத் தேறாது. சோதனையில் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு போட வேண்டும், அமிலமாக்கிய பழக்கத்தையும் மாற்ற வேண்டும்.

4. உப்பை மழை கழுவிக்கொண்டு போகும், வடிகால் இருந்தால். சோடியம் மண்ணைக் கெட்டிப்படுத்திவிட்ட இடத்தில் ஜிப்சம் தேவைப்படும்.

5. உலோகம் போகாது. நுண்ணுயிர் அதைச் சிதைக்க முடியாது. சுண்ணாம்பும் மக்கும் போட்டு அதை அசையாமல் கட்டிப்போடலாம், அவ்வளவுதான். மறுபடி அமிலமானால் கட்டு அவிழும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து கரிமம்தான். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்ற சிபாரிசை மாடு குறைந்துவிட்ட ஊரில் நிறைவேற்றுவது கடினம். கொளுஞ்சி இந்தச் செம்மண்ணில் தண்ணீர் கேட்காமல் வரும், ஆடும் அவ்வளவாக மேயாது. கோடை உழவுக்குப் பின் விதைத்து மடக்கி உழுதால் நொதிக்குக் கவசமும் நுண்ணுயிருக்கு இரையும் ஒன்றாகக் கிடைக்கும்.

கடைகளில் 'நொதிக் குருணை', 'நொதித் திரவம்' என்று விற்பவற்றைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். வெளியிலிருந்து கொட்டும் நொதி வெறும் புரதம். மண்ணில் ஏற்கெனவே புரதத்தை உடைக்கும் நொதிகள் காத்திருக்கின்றன. சில நாளில் அது அவற்றின் சாப்பாடாகிவிடும், மிச்சம் களியில் ஒட்டி மந்தமாகும். ஜீவாமிர்தத்தில் பலன் தெரிந்தால் அது வெல்லமும் சாணியும் கொடுக்கும் இரையால். நொதியை மூட்டையில் வாங்க முடியாது. அதைச் சுரப்பவர்களுக்குச் சோறு போடத்தான் முடியும்.

கண்மாய் வண்டல் எடுக்க அரசு அனுமதி தருகிறது, செம்மண்ணுக்குக் களியும் கரிமமும் ஏற்ற இதைவிட மலிவான வழி கிடையாது. எடுக்குமுன் கண்மாயை ஒரு சுற்று நடந்து பார்ப்பது நல்லது. ஊர் வடிகால் விழும் மூலையில்தான் உலோகம் சுமந்த நுண்ணிய வண்டல் முதலில் படியும், பார்க்கக் கறுப்பாக, கொழுகொழுவென்று ஆசை காட்டுவதும் அதுதான். அந்த மூலையை விட்டுத் தள்ளி, வரத்துக்கால் நல்ல தண்ணீர் கொண்டுவரும் பக்கம் எடுக்க வேண்டும். வேறு இடம் இல்லையென்றால் ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றையும் சோதித்த பிறகு வண்டியைக் கட்டலாம். மண்வள அட்டைச் சோதனையில் இந்த மூன்றும் வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.